கப்பலுக்கு மேலே ஒரு காவல்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு என் பேரன் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று மூன்றிலும் சரளமாகப் பேசும் பெங்களூர்ப் பிள்ளை. பட்டாசு வெடித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். 1978-ல் முதலில் வந்து, பிறகு 2003-ல் புதிதாக எடுக்கப்பட்ட விண்வெளிக் கதை அது. சொந்த உலகங்கள் அழிந்துபோக, மிஞ்சிய மக்கள் கிடைத்த கப்பல்களில் ஏறிக்கொண்டு புது ஊர் தேடிப் போகிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரே ஒரு பெரிய போர்க்கப்பல். அந்தக் கப்பலைச் சுற்றி 'வைப்பர்' என்ற சிறிய சண்டை விமானங்கள் இரவு பகல் பாராமல் ரோந்து சுற்றுகின்றன.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பார்த்தேன். திடீரென்று அவன் கேட்டான்: "தாத்தா, எதிரியே வரல. அப்புறம் எதுக்கு இவங்க சும்மா சுத்திக்கிட்டே இருக்காங்க? எதிரி வந்ததும் கிளம்பினா போதாதா? எரிபொருள் வேஸ்ட்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்தவன் நான். இதே கேள்வியை இளம் வயதில் நானும் கேட்டிருக்கிறேன். கேட்டது மட்டுமல்ல, அதன்படி ஒரு முறை நடந்தும் இருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பேரனுக்கு நான் சொன்ன கதையைச் சொல்லிவிடுகிறேன். அது நம்மைப் போன்ற பெங்களூர்த் தமிழர் சிலரின் சொந்தக் கதையும்கூட.

1942 ஏப்ரல்

எங்கள் குடும்பம் பெங்களூருக்கு வந்ததே ஒரு கப்பற்படைக்குப் பயந்துதான். 1942-ல் என் தந்தையாருக்கு வயது பதினைந்து. தாத்தா சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். சிங்கப்பூர் பிப்ரவரியில் ஜப்பானியர் வசம் விழுந்துவிட்டது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் கால் வைக்க இடமில்லை. தாத்தா குடும்பத்தோடு பெங்களூர் வண்டியைப் பிடித்துக் கன்டோன்மென்டில் இறங்கி, அல்சூரில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையில் வந்து சேர்ந்தார். ஆபத்து நீங்கியதும் பலர் திரும்பிப் போனார்கள். தாத்தா போகவில்லை. இங்கேயே ஒரு கடையில் வேலை கிடைத்துவிட்டது.

அவர்களை இப்படி விரட்டிய கப்பற்படை எது? கொழும்பைத் தாக்கியது, அட்மிரல் நகுமோ தலைமையில் ஐந்து பெரிய விமானம் தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த ஜப்பானியப் படை. அதை முதலில் பார்த்தவர் லெனர்டு பர்ச்சல் என்ற கனடா நாட்டு விமானி. ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலையிலிருந்து கிளம்பி, 'கட்டலீனா' என்ற கடல் விமானத்தில் வேவு பார்த்துக்கொண்டிருந்தார். அடிவானத்தில் புள்ளி புள்ளியாகக் கப்பல்கள் தெரிந்தன. எண்ணிப் பார்க்க நெருங்கினார். அப்போதுதான் ஜப்பானியக் கப்பல்களின் 'ஜீரோ' சண்டை விமானங்கள் அவர்மேல் பாய்ந்தன. கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே விமானம் கடலில் விழுந்தது. உயிர் தப்பியவர்கள் கைதிகளானார்கள்.

"பாத்தியா? அந்த ஜீரோ விமானங்கதான் உன் கதையில வர்ற வைப்பர்" என்றேன் பேரனிடம். படைப்பிரிவுகளில் இதற்கு வான் காவல் ரோந்து என்று பெயர். கப்பலை அடிக்க வருகிறவனை மட்டுமல்ல, எட்டிப் பார்க்க வருகிறவனையும் தடுப்பது அதன் வேலை.

பர்ச்சலின் செய்தி கொழும்புக்குக் கிடைத்துவிட்டது. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறித் தப்பின. ஆனால் மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது, ரத்மலானையில் இருந்த பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. விமானிகள் ஓடிப் போய் ஏறி, குண்டு மழைக்கு நடுவே கிளம்ப வேண்டியதாயிற்று. எதிரி வருகிறான் என்று தெரிந்தும் வானத்தில் ஆள் இல்லை! அதே நாளில், தென்மேற்கே கடலில் மேலே காவல் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்ற இரண்டு பெரிய குரூசர் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. இறந்தவர்கள் 424 பேர்.

வெறும் தளம்

நான்கு நாள் கழித்து நடந்ததுதான் இந்தக் கதையின் நடு முடிச்சு. திருகோணமலைத் துறைமுகத்தில் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. விமானம் தாங்கவே முதலிலிருந்து திட்டமிட்டு வரையப்பட்ட கப்பல்களில் மிகப் பழையது அது. 1924-ல் சேவைக்கு வந்தது. எதிரி நெருங்குகிறான் என்று தெரிந்ததும், ஏப்ரல் 8 இரவு துறைமுகத்தை விட்டுத் தெற்கே போகும்படி அதற்கு உத்தரவு வந்தது. கப்பல் போயிற்று, அதன் விமானங்கள் கரையிலேயே தங்கிவிட்டன. இருந்தாலும் அவை டார்ப்பிடோ போடும் பழைய 'சுவார்டுஃபிஷ்' விமானங்கள்தான். சண்டை விமானம் ஒன்றும் அதனிடம் இல்லை.

ஏப்ரல் 9 காலை, கரையோரமாகவே திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே போய்விட்டால் கரையிலுள்ள சண்டை விமானங்களின் நிழல் கிடைக்கும் என்று எண்ணம். மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது. பத்தரை மணிக்கு மேல் எண்பதுக்கும் அதிகமான விமானங்கள் வந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டன. இருபது நிமிடத்தில் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. கேப்டன் ஆன்ஸ்லோ உள்பட 307 பேர் மாண்டனர். உதவிக்கு ரத்மலானையிலிருந்து கிளம்பிய 'ஃபுல்மார்' சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை. தண்ணீரில் தத்தளித்தவர்களில் அறுநூறு பேரை 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. மட்டக்களப்புத் தமிழர்கள் கரையிலிருந்து பார்க்கும் அந்தக் கடலுக்கு அடியில் ஹெர்மிஸ் இன்றும் கிடக்கிறது.

விமானம் தாங்கிக் கப்பல் என்று பெயர். ஆனால் அன்று தாங்க விமானம் இல்லை. சண்டை விமானங்களும் இலங்கையில் இல்லாமல் இல்லை. இருக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கப்பலின் தலைக்கு மேல் இல்லை, அவ்வளவுதான்.

கூரை திறந்த நேரம்

"அப்ப ஜப்பான்காரங்க கெட்டிக்காரங்க, இல்ல தாத்தா?" என்றான் பேரன். அங்கேதான் வேடிக்கை. அதே ஏப்ரல் 9 அன்று, இலங்கையிலிருந்து கிளம்பிய ஒன்பது பிரிட்டிஷ் 'பிளென்ஹைம்' குண்டு விமானங்கள் நகுமோவின் தலைமைக் கப்பலான 'அகாகி'க்கு நேர் மேலே, யாரும் தடுக்காமல் வந்துவிட்டன. குண்டுகள் கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்த பிறகுதான் அதில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பும் வழியில் அவற்றில் ஐந்தை வீழ்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் காவல் இருந்தும் கள்ளன் வீட்டுக் கூரைவரை வந்துவிட்டான் அல்லவா? அந்தக் கப்பல்களில் ராடார் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அந்த எச்சரிக்கையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 4 அன்று பசிபிக் கடலில் மிட்வே தீவுக்கு அருகே அமெரிக்க டார்ப்பிடோ விமானங்கள் அலை அலையாகத் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. ஜீரோக்கள் எல்லாம் அவற்றை அடிக்கக் கீழே இறங்கின. பதினைந்து விமானங்கள் கொண்ட ஓர் அமெரிக்கப் பிரிவில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. உயிர் பிழைத்தவர் ஒருவரே. ஆனால் எல்லாக் காவலும் கீழே இருந்த அந்த நேரத்தில், உயரத்திலிருந்து வேறு அமெரிக்க விமானங்கள் பாய்ந்தன. சில நிமிடங்களில் மூன்று ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பல்கள் தீப்பிடித்தன. மாலையில் நான்காவது. கொழும்பைத் தாக்கிய ஐந்தில் மூன்று இந்த நான்கில் அடக்கம்.

ஆகவே, காவல் இருந்தால் மட்டும் போதாது. எல்லாக் காவலரும் சத்தம் வந்த வாசலுக்கே ஓடிவிடக் கூடாது. கொல்லைப்புறத்துக்கும் ஒருவர் வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

பேரனின் எரிபொருள் கேள்விக்குக் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் ராடார் வைத்திருக்கிறோம். பூமி உருண்டை. ஆகவே தண்ணீரை ஒட்டி வரும் பொருள் சுமார் 20 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் அந்த ராடாருக்குத் தெரியும். ஓர் ஏவுகணை விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்தால், தெரிந்ததிலிருந்து மோதும் வரை சுமார் 67 விநாடி. அதற்குள் விமானி ஏணியில் ஏறிக்கூட முடித்திருக்க மாட்டார். அதே ராடாரை 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் வைத்தால் 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்க்கலாம். எனவே, கண்ணும் வானத்தில் இருக்க வேண்டும், கையும் வானத்தில் இருக்க வேண்டும்.

சரி, இரண்டு விமானங்கள் எப்போதும் மேலே நிற்க எத்தனை விமானங்கள் வேண்டும்? ரயில்வேயில் ரேக் லிங்க் போடுவது போலத்தான். ஒரு விமானம் ஒன்றரை மணி நேரம் காவல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர அரை மணி. இறங்கிய பின் எரிபொருள், சோதனை எல்லாம் சேர்த்து இரண்டு மணி. ஒரு சுற்று நான்கு மணி நேரம். ஆக, இரண்டு விமானம் நிற்க ஆறு வேண்டும். பழுதில் கிடப்பதற்கு இரண்டு சேர்த்தால் எட்டு. ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு முறை கிளம்ப வேண்டும். ஒரு விமானி நாளுக்கு இரண்டு முறை பறந்தாலும் பதினாறு விமானிகள். இதெல்லாம் ஒன்றுமே நடக்காத ஒரு நாளுக்கான செலவு!

விண்வெளியில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். காற்று இல்லாததால் என்ஜினை அணைத்துவிட்டாலும் விமானம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். எட்டிப் பார்க்கத் தடையாக அடிவானமும் இல்லை. இருந்தும் கதாசிரியர்கள் கடற்போரைத்தான் அப்படியே வானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், அதுதான் களைப்பு. அந்தத் தொடரின் முதல் பகுதியில் எதிரி முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறான். தூங்காத விமானிகளின் கண்களைப் பார்த்தபோது எனக்கு மழைக்கால இரவுகள் ஞாபகம் வந்தன.

மீண்டும் ஒரு ஹெர்மிஸ்

மூழ்கிய கப்பலின் பெயரைப் பிரிட்டிஷார் மறக்கவில்லை. 1959-ல் சேவைக்கு வந்த இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலுக்கும் 'ஹெர்மிஸ்' என்றே பெயர் வைத்தார்கள். 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் போன படைக்கு அதுதான் தலைமைக் கப்பல். இந்த முறை தளம் வெறுமையாக இல்லை. அதிலிருந்தும் 'இன்வின்சிபிள்' கப்பலிலிருந்தும் 'சீ ஹாரியர்' விமானங்கள் மாறி மாறிக் காவல் நின்றன. அர்ஜென்டினாவின் விமானங்கள் சுமார் இருபதை வீழ்த்தின. வான்சண்டையில் தங்கள் பக்கம் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஆனால் வானத்தில் ராடார் கண் இல்லாத குறை இருந்தது. தாழப் பறந்து வந்த விமானங்கள் விட்ட ஏவுகணை மே 4 அன்று 'ஷெஃபீல்டு' கப்பலைத் தாக்கி 20 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஹெலிகாப்டரில் ராடாரைப் பொருத்தினார்கள்.

அந்த இரண்டாவது ஹெர்மிஸ் பிறகு எங்கே போயிற்று தெரியுமா? நம்மிடம்தான் வந்தது! 1987 மே மாதம் 'ஐ.என்.எஸ். விராட்' என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 2017 மார்ச் வரை முப்பது ஆண்டுகள் உழைத்தது. அதன் மேலும் சீ ஹாரியர்கள் 2016 வரை பறந்தன. விமானங்கள் இல்லாமல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கிய ஒன்று, பிற்காலத்தில் அதே இந்தியப் பெருங்கடலில் நமக்குக் காவலாகச் சுற்றியது. இதைச் சொன்னபோது பேரன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

நம் ஊரின் பங்கு

கடலே இல்லாத பெங்களூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இங்கே தொடங்கிய விமானத் தொழிற்சாலைதான் இன்றைய எச்.ஏ.எல். போர்க்காலத்தில், பர்ச்சல் ஓட்டியது போன்ற கட்டலீனா விமானங்கள் பழுது பார்க்க இங்கே வந்தன. தண்ணீரில் இறங்கும் விமானங்கள் ஆயிற்றே, எங்கே இறங்கும்? பெல்லந்தூர் ஏரியில்! நுரைக்காகவும் தீக்காகவும் நாம் செய்திகளில் பார்த்த அதே ஏரிதான்.

இன்னும் இருக்கிறது. கப்பலில் இறங்கக்கூடிய 'தேஜஸ்' விமானத்தை இங்குள்ள ஏரோநாட்டிகல் டெவலப்மென்ட் ஏஜென்சி வடிவமைத்தது. 2012 ஏப்ரல் 27 அன்று நம் ஊர் வானத்தில்தான் அது முதலில் பறந்தது. 2020 ஜனவரி 11 அன்று கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அதை 'விக்ரமாதித்யா' கப்பலின் தளத்தில் இறக்கினார். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி தளத்தில் கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். 2022 செப்டம்பரில் கொச்சியில் சேவைக்கு வந்த நம் சொந்தத் தயாரிப்பான புதிய 'விக்ராந்த்' கப்பலிலும் 2023 பிப்ரவரியில் இறங்கியது. எடை அதிகம், என்ஜின் ஒன்றுதான் என்று கடற்படை அதைப் பணிக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு என்ஜின் உள்ள அடுத்த விமானத்துக்கான வேலை இங்கே நடக்கிறது. அதுவரை தளம் வெறுமையாக இருக்கலாமா? 'மிக் 29கே' விமானங்கள் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் பிரான்சிடமிருந்து 26 கடற்படை 'ரஃபேல்' விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. கப்பல் கட்டுவது பாதி வேலை. அதன் தளத்தை நிரப்புவது மீதிப் பாதி. ஹெர்மிஸ் நமக்குச் சொன்ன பாடம் அது.

கைவிளக்கோடு நடந்தவர்கள்

இப்போது நான் ஒத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் இரவில் ரயில் பாதையில் ரோந்து போகிறவர்களை நீங்கள் வண்டியில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருக்கக்கூடும். ஒரு கையில் விளக்கு, தோளில் பை. பையில் பத்து டெட்டனேட்டர், கொடி, விசில். ஒருவர் தன் எல்லைவரை நடந்து, அடுத்தவரைச் சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார். பாதை அரித்திருந்தால், 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. வண்டிச் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். பெரும்பாலோர் வேலைக் காலம் முழுவதும் ஒரு டெட்டனேட்டர்கூட வைக்காமலே ஓய்வு பெறுவார்கள்.

நான் டிப்ளமோ முடித்துச் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கும். ஒரு பிரிவுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தேன். நான்கு இரவாகச் சொட்டு மழை இல்லை. ஆட்களுக்குச் சளி, காய்ச்சல். பகலில் வேறு வேலை குவிந்து கிடந்தது. ஓர் எல்லையில் அன்றிரவு ரோந்து வேண்டாம் என்று நானே நிறுத்திவிட்டேன். சிக்கனம் செய்துவிட்டதாக மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

இரவு இரண்டு மணிக்கு அந்த வழியே போன சரக்கு வண்டியின் டிரைவர், ஒரு சிறு பாலத்தை ஒட்டி வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டதை உணர்ந்து, அடுத்த ஸ்டேஷனில் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் வந்த பாசஞ்சர் வண்டியைப் பிடித்து நிறுத்தினார். நான் டிராலியில் போய்ப் பார்த்தபோது, பாலத்தின் முட்டுச் சுவருக்குப் பின்னால் மண் கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. எங்கோ மேற்கே பெய்த மழையில் ஓர் ஏரி உடைந்திருக்கிறது. பாசஞ்சரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

விடிந்ததும், நான் வீட்டுக்கு அனுப்பிய ரோந்துக்காரர் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, மழை நம்ம பக்கந்தான் பெய்யணும்னு இல்லீங்களே" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ மேலதிகாரிகள் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். ஒன்றும் இந்தச் சொல் போல் நிலைக்கவில்லை. அதற்குப் பின் ஓய்வு பெறும்வரை ஒரு இரவு ரோந்தையும் நான் நிறுத்தியதில்லை.

இதை என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. பேரனிடம்தான் முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அந்தத் தாத்தா அன்னிக்கு ராத்திரி போயிருந்தா, வண்டியை நிறுத்தியிருப்பாரா?"

"நிறுத்தியிருப்பார். பேப்பர்ல ஒண்ணும் வந்திருக்காது" என்றேன்.

வாசகர்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் விண்வெளிச் சண்டைகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சும்மா சுற்றுகிற அந்த இரண்டு விமானங்களைக் காட்டி, மட்டக்களப்புக் கடலையும், சென்னையை விட்டு ஓடிவந்த நம் பெரியவர்களையும் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த முறை இரவு வண்டியில் ஊருக்குப் போகும்போது, மழையில் பாதையோரம் ஒதுங்கி நின்று விளக்கைக் காட்டும் மனிதர் யாராவது தெரிந்தால், பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள்.